ரோஜா இருந்த இடத்தில் கல்வாழை: கிரேட் டிக்ஸ்டர் தோட்டத்தின் பிற்கோடை – ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் அலங்காரத் தோட்டங்களுக்கு ஆகஸ்ட் மாதம் நெடுங்காலமாகவே ஒரு சோதனைக் காலம். அங்கே கோடை என்பது ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மூன்று மாதங்கள். ஏப்ரலில் துலிப், மே மாதத்தில் ஐரிஸ், ஜூனில் பியோனி, டெல்ஃபினியம், ரோஜா என ஒன்றன்பின் ஒன்றாகப் பூத்து முடிந்தபின், ஜூலைக் கடைசியில் பாத்திகள் களைத்துப்போகின்றன. தண்டுகள் சாய்கின்றன, அடியிலைகள் பழுக்கின்றன, விதை கட்டத் தொடங்கிய செடி புதுமொட்டு விடுவதை நிறுத்திக்கொள்கிறது. குளிர்நாட்டுச் செடிகளில் பெரும்பாலானவை வசந்தத்தில் விரைந்து வளர்ந்து, குளிர் திரும்பும் முன்பே விதையை முற்றவைத்துவிடும் இயல்புடையவை. ஆகவே இந்தத் தளர்ச்சியை நோய் என்றோ பராமரிப்புக் குறை என்றோ சொல்லிவிட முடியாது. ஆனால் அதே ஆகஸ்டில்தான் மண் நன்றாகச் சூடேறியிருக்கிறது. தென்கிழக்கு இங்கிலாந்தில் செப்டம்பர் முழுவதும், பல ஆண்டுகளில் அக்டோபரிலும் கூட, செடியைக் கருக்கும் உறைபனி விழுவதில்லை. இவ்வளவு நீண்ட, வெதுவெதுப்பான ஒரு காலத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்ற கேள்விக்கு, கிழக்கு சசெக்ஸ் பகுதியில் நார்தியம் என்னும் ஊரில் உள்ள கிரேட் டிக்ஸ்டர் தோட்டம் 1993இல் துணிச்சலான ஒரு விடையைச் செயலில் காட்டியது. அந்த விடையை, அதற்குக் கொடுக்கப்பட்ட விலையோடு சேர்த்து, இங்கே ஆராய்கிறேன்.

இடமும் மனிதர்களும்

நதேனியல் லாய்ட் என்பவர் 1910இல் இந்த இடத்தை வாங்கி, இடைக்காலத்தைச் சேர்ந்த மரச்சட்ட வீட்டைப் புதுப்பித்து விரிவாக்கும் பணியைக் கட்டடக் கலைஞர் எட்வின் லுட்யன்ஸிடம் ஒப்படைத்தார். தில்லியில் இன்று குடியரசுத் தலைவர் மாளிகையாக விளங்கும் கட்டடத்தை வடிவமைத்தவரும் இவரே. பண்ணைக்குரிய பழைய தொழுவங்களையும் களஞ்சியங்களையும் இடித்துத் தள்ளாமல், அவற்றையே சுவர்களாகக் கொண்டு, யூ என்ற பசுமைமாறா மரத்தின் வேலிகளால் இடைவெளிகளை நிரப்பி, தோட்டத்தைத் தனித்தனி அறைகளாக அவர் வகுத்தார். அந்த அறைகளுள் ஒன்று முன்பு மாடுகள் நின்ற முற்றம். அங்கே கல் பாவிய நடைபாதைகளுக்கிடையே ஒழுங்கான பாத்திகள் அமைக்கப்பட்டு ரோஜாக்கள் நடப்பட்டன. ஒருபுறம் பழைய தொழுவத்தின் ஓட்டுக்கூரை தாழ்ந்து நிற்க, மற்றப் பக்கங்களில் யூ வேலி உயர்ந்து, காற்றை அறவே தடுத்தது. இந்தக் காற்றுத் தடுப்பு பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் அடிப்படையானது என்பதால் இங்கேயே குறித்துவைக்கிறேன்.

நதேனியலின் இளைய மகன் கிறிஸ்டோபர் லாய்ட் 1921இல் அந்த வீட்டிலேயே பிறந்தவர். கேம்பிரிட்ஜில் மொழிகள் படித்து, இரண்டாம் உலகப் போருக்குப்பின் வை கல்லூரியில் தோட்டக்கலை பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்துவிட்டு, 1954இல் வீடு திரும்பி ஒரு நாற்றங்காலைத் தொடங்கினார். 1963 முதல் 2005 வரை ஒரு வார இதழில் தொடர்ந்து தோட்டக் கட்டுரைகள் எழுதிய அவர், தம் தோட்டத்தில் தாமே கண்டதை மட்டுமே எழுதினார். எழுதியதை மறுபடியும் தோட்டத்தில் சோதித்தார். 1990களின் தொடக்கத்தில் வை கல்லூரியில் படித்த மற்றொருவரான ஃபெர்கஸ் காரட் தலைமைத் தோட்டக்காரராகச் சேர்ந்தார். ஏறத்தாழ எழுபது வயது நிரம்பிய உரிமையாளரும் இருபதுகளில் இருந்த தோட்டக்காரரும் இணைந்து எடுத்த முடிவுதான் இந்த ஆய்வின் பொருள்.

ரோஜாப் பாத்திகளின் நிலை

ஒரே மண்ணில் பல பத்தாண்டுகளாக ரோஜா வளர்ந்தால், பழைய செடியை எடுத்துவிட்டுப் புதிய ரோஜாவை நடும்போது அது வேர்விடாமல் குன்றிப்போகும். மண்ணில் பெருகிவிட்ட பூஞ்சைகளும் வேர்ப்புழுக்களும் பிற நுண்ணுயிர்களும் சேர்ந்து இதை உண்டாக்குகின்றன என்று கருதப்படுகிறது. பழைய செடி எப்படியோ தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கும், இளஞ்செடியால் முடியாது. இதற்கு நம்பகமான தீர்வு பாத்தியின் மண்ணை ஆழமாகத் தோண்டி அகற்றி, ரோஜா வளராத இடத்து மண்ணால் நிரப்புவதே. டிக்ஸ்டரின் கனத்த களிமண்ணில் அது எவ்வளவு பெரிய வேலை என்பதை மண்வெட்டி பிடித்தவர்கள் உணர்வார்கள்.

அடுத்த குறை கரும்புள்ளி நோய். இதை உண்டாக்கும் பூஞ்சையின் வித்து முளைக்க, இலை ஏறத்தாழ ஏழு மணிநேரமாவது ஈரமாக இருக்க வேண்டும். நாற்புறமும் அடைத்து நிற்கும் முற்றத்தில் மழைநீரும் இரவுப் பனியும் மெதுவாகத்தான் உலரும்; எனவே ரோஜாவுக்கு அது உகந்த இருப்பிடமாக இல்லை. இவை இரண்டையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது காரணம். அந்தப் பாத்திகளின் உச்சம் ஜூன் இறுதியிலும் ஜூலையிலும் சில வாரங்கள். அதற்குப்பின் வரும் பூக்கள் அங்கொன்றும் இங்கொன்றும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை முள்குச்சிகள். தோட்டத்தின் வேறு எல்லாப் பகுதிகளும் அதே ஜூன், ஜூலையில் உச்சத்தில் இருக்க, ஆகஸ்டுக்குப்பின் வருபவர்களுக்குக் காட்டுவதற்கென்று ஒரு தனி அறை இல்லாமலிருந்தது.

1993இல் ரோஜாக்கள் வேரோடு எடுக்கப்பட்டன. ஒரு சில மட்டும் விடப்பட்டன. நடைபாதைகளோ பாத்திகளின் அமைப்போ யூ வேலியோ தொடப்படவில்லை. இதை வலியுறுத்த விரும்புகிறேன்: லுட்யன்ஸ் வகுத்த கோடுகள் அப்படியே இருக்க, அவற்றை நிரப்பிய செடிகளே மாறின. இருந்தும், புகழ்பெற்ற ஒரு ரோஜாத் தோட்டத்தை அழித்ததாகக் கடுமையான கண்டனங்கள் எழுந்தன.

இலைகளிலிருந்து தொடங்கிய திட்டம்

பிற்கோடைத் தோட்டம் என்றதும் பூக்களின் பட்டியலையே எவரும் முதலில் நினைப்பார்கள். டிக்ஸ்டரில் திட்டம் இலைகளிலிருந்து தொடங்கியது என்பதே இந்த நிகழ்வில் கற்க வேண்டிய முதன்மையான செய்தி. ஆகஸ்டில் பாத்தி களைத்துத் தோன்றுவதற்குப் பூ குறைவது பாதிக் காரணம்தான். ஜூனில் பூத்த செடிகளின் இலை கெட்டுப்போவது மறுபாதி. ஆகவே ஆகஸ்டில் இலை புதிதாகவும் பெரிதாகவும் இருக்கும் செடிகளை முதலில் நட்டு, பூக்களை அவற்றின் நடுவே வைத்தால், ஒரு வாரம் பூ குறைந்தாலும் பாத்தி நிறைந்தே இருக்கும்.

அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவற்றுள் பல தமிழ் வாசகருக்கு அறிமுகம் தேவைப்படாதவை. கல்வாழை நம் ஊர்களில் வாய்க்கால் ஓரத்திலும் பேருந்து நிலையப் பூங்காவிலும் நிற்பது. அதன் அறிவியல் பெயரில் இந்தியா இருந்தாலும் தாயகம் அமெரிக்க வெப்பமண்டலம். ஆமணக்கின் செந்நிற இலை வகைகள் அங்கே விதையிலிருந்து ஆண்டுதோறும் புதிதாக வளர்க்கப்பட்டு, ஒரே கோடையில் ஆள் உயரத்தைத் தாண்டுகின்றன. அகன்ற இலைக்காகச் சேம்பு இனங்களும், காய் எதிர்பாராமல் இலைக்காகவே வாழையும் நடப்படுகின்றன. நடப்படும் வாழை நாம் உண்ணும் வகையைச் சேர்ந்ததன்று. சீனாவின் தென்பகுதியைத் தாயகமாகக் கொண்டு, ஜப்பானில் நாருக்காகவும் அழகுக்காகவும் நெடுங்காலம் வளர்க்கப்பட்டு வரும் முசா பாஸ்ஜூ. மேலே தண்டு கருகினாலும், மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு குளிரைத் தாங்கி வசந்தத்தில் பக்கக்கன்று விடும்.

வாழை வளர்த்தவர் எவரும் அறிவார், அதன் இலைக்குப் பகை காற்று. திறந்த வெளியில் சில வாரங்களிலேயே நார்நாராகக் கிழிந்துவிடும். ரோஜாவுக்கு நோயைக் கொண்டுவந்த அதே அடைப்பு, வாழைக்கும் ஆமணக்குக்கும் சேம்புக்கும் அரணாக மாறியது. ஓடும் கல்லும் பகல் வெப்பத்தைச் சேமித்து மாலையில் வெளிவிட்டன. தேங்கிய ஈரக்காற்று பெரிய இலைகளை வாடவிடாமல் காத்தது. இடத்தின் குறையைத் திருத்த முயலாமல், அந்தக் குறையையே வேண்டிநிற்கும் செடியைத் தேடிப்பிடித்ததில்தான் இவர்களின் தோட்டக்கலை அறிவு வெளிப்படுகிறது என்பது என் கருத்து.

குளிர்நாட்டு மரங்களையும் இதே நோக்கில் பயன்படுத்தினர். பவுலோனியா என்ற மரத்தை ஆண்டுதோறும் குளிர்காலக் கடைசியில் தரையோடு வெட்டி, எழும் தளிர்களில் ஒன்றை மட்டும் விட்டால், முழு வேரின் வலிமையும் அந்த ஒரு தண்டில் ஏறி, இரண்டடி அகலத்துக்கும் மேலான இலைகள் விரிகின்றன. ஆனால் பவுலோனியாவின் ஊதாப் பூக்கள் முந்தைய ஆண்டுக் கிளைகளில் உருவாகும் மொட்டுகளிலிருந்தே மலர்வதால், இவ்வாறு கவாத்து செய்த மரம் ஒருபோதும் பூக்காது. யூகலிப்டஸையும் இப்படியே வெட்டினால், முதிர்ந்த மரத்தின் நீண்ட இலைகளுக்குப் பதிலாக, இளஞ்செடிக்கே உரிய வட்டமான சாம்பல்நீல இலைகள் தொடர்ந்து கிடைக்கும். வசந்தத்தின் பூவை விட்டுக்கொடுத்துப் பிற்கோடையின் இலையைப் பெறுகிறார்கள். முற்றம் முழுவதற்கும் செய்த தேர்வைத்தான் ஒவ்வொரு மரத்திலும் சிறிய அளவில் மீண்டும் செய்கிறார்கள்.

பூக்களின் பங்கு

பூக்களில் முதலிடம் டாலியாவுக்கு. மெக்சிகோ மலைப்பகுதியைச் சேர்ந்த இச்செடியின் விதைகள் 1789இல் மாட்ரிட் அரச தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் ஆண்டர்ஸ் டாலின் நினைவாக 1791இல் பெயரிடப்பட்டது. பூமத்திய ரேகைக்கு ஓரளவு அருகில் பிறந்த இந்தச் செடிக்கு 16 மணிநேரப் பகல் பழக்கமில்லாதது. நார்தியம் 51 பாகை வட அட்சத்தில் இருப்பதால் ஜூனில் அங்கே பகல் அவ்வளவு நீளம். ஆகஸ்ட் இறுதிக்குள் அது பதின்மூன்றரை மணிநேரமாகக் குறைந்து, டாலியா தன் சொந்த நாட்டின் கோடையை ஒத்த பகலைக் காண்கிறது. பகல் சுருங்கச் சுருங்கப் பூப்பது மிகுகிறது. பன்னிரண்டு மணிநேரத்தை நெருங்கும்போது கிழங்கு பருக்கத் தொடங்குகிறது. சேவந்தி, ஆஸ்டர் போன்றவையும் குறும்பகலைக் கண்டே மொட்டு விடுபவை. பிற்கோடை மலர்களுள் பல இவ்வாறு தேய்ந்துவரும் பகலை அடையாளமாகக் கொண்டு தம் பருவத்தைத் தொடங்குகின்றன என்பதை அறிந்தால், ஆகஸ்டை ஆண்டின் இறங்குமுகமாக எண்ணும் பழக்கம் விலகிவிடும்.

டிக்ஸ்டரில் வளர்ந்துள்ள டாலியாக்களுள் ‘பிஷப் ஆஃப் லாண்டாஃப்’ குறிப்பிடத்தக்கது. 1924இல் கார்டிஃப் நகரில் உருவாக்கப்பட்ட இந்த வகை, கருமை படர்ந்த செம்பழுப்பு இலையும் பளிச்சென்ற சிவப்புப் பூவும் கொண்டது. பூ வருமுன்பே இலை தன் வேலையைச் செய்துவிடுகிறது. இதழ்கள் நெருங்கிய பந்து வடிவ டாலியாக்களில் தேனீயால் மகரந்தத்தை எட்ட முடியாது. நடுவட்டம் திறந்திருக்கும் இதுபோன்ற பூக்களிலோ, செப்டம்பர் வெயிலில் தேனீக்கள் மொய்த்துக்கொண்டே இருக்கும்.

டாலியாவின் திண்மையையும் கல்வாழையின் கனத்தையும் இணைத்துவைப்பது வெர்பினா போனாரியென்சிஸ். தென்னமெரிக்காவைச் சேர்ந்த இதன் பெயர் புவெனஸ் அயர்ஸ் நகரிலிருந்து வந்தது. ஆள் உயரம் வளர்ந்தாலும் தண்டு மெல்லியது, இலை அரிது. உச்சியில் மட்டும் சிறுசிறு ஊதாக் கொத்துகள். முன்வரிசையில் நின்றாலும் பின்னால் இருப்பதை மறைக்காது. தானாக விதை உதிர்த்துப் பாதையின் கல்லிடுக்கிலும் முளைப்பதால், தோட்டக்காரர்கள் வேண்டாத இடத்தில் களைந்து, வேண்டிய இடத்தில் விட்டுவைக்கிறார்கள். சமையலில் உப்பைப்போல எல்லாப் பாத்தியிலும் பரவி, முற்றத்தை ஒன்றாக்குவது இதுவே. டிக்ஸ்டரில் செப்டம்பரில் வெண்ணிறமாகப் பூக்கும் எஸ்கலோனியா பிஃபிடா என்ற புதர் பட்டாம்பூச்சிகளை ஈர்க்கும் ஆற்றலால் பார்வையாளர்களை நிறுத்திவைக்கும்.

இந்த நிறங்களை ஒளியோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும். ஜூன் நண்பகலில் அங்கே சூரியன் ஏறத்தாழ 62 பாகை உயரத்தில் நிற்கிறது; ஆகஸ்ட் இறுதியில் 47 பாகை அளவுக்கும், செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் 39 பாகைக்கும் தாழ்ந்துவிடுகிறது. தாழ்ந்த ஒளி மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் வந்து, கல்வாழையின் செந்நிற இலைகளையும் வாழை இலைகளையும் ஊடுருவிச் செல்கிறது. வசந்தத்தின் வெளிர்மஞ்சளும் இளஞ்சிவப்பும் இந்த ஒளியில் சோர்ந்து தோன்ற, ஆரஞ்சு, கருஞ்சிவப்பு, அடர்ஊதா ஆகியவை முழு வலிமை பெறுகின்றன. ஒத்திசைவான மென்னிறங்களையே நயம் எனப் போற்றிய காலத்தில், ஆரஞ்சையும் ஊதாவையும் தயங்காமல் அருகருகே வைத்ததற்காக லாய்ட் விமர்சிக்கப்பட்டார். செப்டம்பர் மாலையின் ஒளியைக் கணக்கில் கொண்டால் அவர் பக்கமே நியாயம் இருப்பதாக நான் கருதுகிறேன்.

ஓராண்டின் உழைப்பு

இத்தோட்டத்தின் அழகு மலிவானதன்று. உறைபனி அபாயம் நீங்கும் மே இறுதி, ஜூன் தொடக்கம் வரை நடவே இயலாது. அதுவரை செடிகள் பசுமைக்குடிலிலும் கண்ணாடி மூடிய குளிர்ப்பெட்டிகளிலும் காத்திருக்கும். ஜூனில் பாத்திகளில் மண்ணே அதிகம் தெரியும். ஜூலையில் வளர்ச்சி வேகமெடுக்கும். அப்போதே டாலியாக்களுக்குக் குச்சி நட்டுக் கட்டிவிட வேண்டும், ஏனெனில் பூத்தபின் கட்டினால் கட்டியது கண்ணுக்குத் தெரியும். ஆகஸ்ட் முதல் வாடிய பூக்களைக் கிள்ளும் வேலை ஓய்வதில்லை. செடி விதை கட்டத் தொடங்கினால் புதுமொட்டு குறையும் என்பதால் இதை அலங்கார வேலையாக மட்டும் எண்ணிவிடக் கூடாது.

முதல் உறைபனியில் டாலியாவின் இலைகள் ஒரே இரவில் கருத்துவிடுகின்றன. பின் தண்டுகளை வெட்டி, டாலியாக் கிழங்குகளையும் கல்வாழைக் கிழங்குகளையும் தோண்டியெடுத்து, பழைய தொட்டி மண்ணில் புதைத்து, உறையாமலும் உலர்ந்து சுருங்காமலும் வீட்டின் நிலவறையில் வைக்கிறார்கள். வாழைத் தண்டைச் சுற்றி உலர்ந்த பெரணித் தழையைத் திணித்துக் கட்டுகிறார்கள். தண்டு உயிரோடு தப்பினால் அடுத்த ஆண்டு அதே உயரத்திலிருந்து இலை தொடங்கும், தப்பாவிட்டால் தரையிலிருந்து மீண்டும் ஏற வேண்டும். ஆகஸ்டில் கிடைக்கும் உயரம் குளிர்காலத்தில் போர்த்திய அந்தத் தழையைப் பொறுத்திருக்கிறது.

மதிப்பீடு

இந்த முயற்சிக்கு எதிராக எழும் வாதங்களை எளிதில் ஒதுக்க முடியாது. ஆண்டில் பாதிக்கு மேல் அந்த முற்றம் ஏறத்தாழ வெறுமையாகக் கிடக்கிறது. தேர்ந்த கைகள் பல தேவைப்படுகின்றன. வெப்பமூட்டிய குடில்களுக்கு எரிபொருள் வேண்டும். வெயில் குறைந்த, குளிர்ந்த கோடை வந்தால் சேம்பும் ஆமணக்கும் வளராமல் நின்றுவிடும். இவற்றில் முதல் வாதத்துக்கு டிக்ஸ்டரின் மற்றப் பகுதிகளே விடையளிக்கின்றன. வீட்டின் முன்னுள்ள நீண்ட பாத்தி ஜூன் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் வரை தன் உச்சத்தை அடைகிறது, புல்வெளிகள் வசந்தத்துக்குரியவை. பல அறைகள் உள்ள தோட்டத்தில் ஓர் அறை தன் முறைக்காகக் காத்திருக்கலாம். ஒரே ஒரு பாத்தி வைத்திருப்பவரால் அது முடியாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

உழைப்பும் எரிபொருளும் பற்றிய வாதம் கனமானது. தழைப்போர்வையோடு மண்ணிலேயே குளிரைக் கடக்கும் முசா பாஸ்ஜூ, வெட்ட வெட்டத் தழைக்கும் பவுலோனியா, விரிந்த கைபோன்ற இலையுடைய டெட்ராபேனாக்ஸ், நாணல் இனத்து அருண்டோ ஆகியவை குடில் வெப்பத்தை நம்பாமலே வெப்பமண்டலத் தோற்றத்தைத் தருகின்றன. நான் மதிப்பிடும் அளவில், இந்தத் தாங்குதிறன் மிக்க செடிகளே இத்தோட்டத்தின் முதுகெலும்பு; குடிலில் வளரும் மென்செடிகள் அவற்றுக்கு மெருகூட்டுபவை மட்டுமே.

2006இல் லாய்ட் காலமானபின், அறக்கட்டளை ஒன்றின் பொறுப்பில் காரட்டின் தலைமையில் தோட்டம் தொடர்கிறது. இளம் தோட்டக்காரர்கள் தங்கிப் பயிலும் இடமாகவும் அது வளர்ந்துள்ளது. 2010களின் இறுதியில் அங்கு நடந்த உயிரினக் கணக்கெடுப்பு, புல்வெளிகளையும் காட்டையும்விட அலங்காரத் தோட்டப் பகுதியிலேயே உயிரின வகைகள் மிகுந்திருப்பதைக் காட்டியது. வசந்தம் முதல் உறைபனி வரை ஏதேனும் ஒன்று பூத்துக்கொண்டே இருப்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கும் என்றே தோன்றுகிறது. வெளியே வயலோரப் பூக்கள் ஓய்ந்துவிட்ட செப்டம்பரில் டாலியாவும் வெர்பினாவும் எஸ்கலோனியாவும் தேனீக்களுக்கும் பட்டாம்பூச்சிகளுக்கும் தேன் தருகின்றன.

இதே காலநிலையில் சிறிய இடம் மட்டும் உடையவர், முற்றம் முழுவதையும் பின்பற்ற வேண்டியதில்லை. சுவரோரம் தரையோடு வெட்டி வளர்க்கும் ஒரு பவுலோனியா, கருநிற இலையுள்ள டாலியாக் கிழங்குகள் சில, தானாக முளைக்கும் வெர்பினா ஆகியவையே போதுமானவை. மே மாதத்தில் அந்த இடம் வெறுமையாகத் தெரியாதிருக்க, டாலியா நடுமுன் பூத்து ஓயும் துலிப்பை அதே மண்ணில் வைக்கலாம். ஜூனுக்குரிய பல்லாண்டுச் செடி ஒன்றையேனும் பெயர்த்து இடம் உண்டாக்கினால்தான் டாலியாவுக்குத் தேவையான முழு வெயில் கிடைக்கும். எதைப் பெயர்ப்பது என்பதை அக்டோபரில், பூக்கள் இன்னும் கண்முன் இருக்கும்போதே முடிவுசெய்து, ஒவ்வொரு கிழங்குக்கும் நிறமும் உயரமும் எழுதிய சீட்டைக் கட்டிவிடுவது நல்லது. தண்டு வெட்டி நிலவறைக்குள் சென்றபின் எல்லா டாலியாக் கிழங்குகளும் ஒன்றுபோலவே இருக்கும்.